முட்டுக்கம்பு

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், அதில் ரெண்டு பேர் காதில் மெஷின் இருக்கிறது. ஒருவர் பேரனின் படிப்பைப் பற்றிக் கேட்கிறார். இன்னொருவர் தன் சர்க்கரை அளவைப் பதிலாகச் சொல்கிறார். மூன்றாமவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பாயசத்தைக் குடிக்கிறார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நீங்களெல்லாம் அறுபதுக்கு மேல் படித்துக்கொண்ட வித்தை அது. நான் ஏழு வயதிலேயே அதில் கைதேர்ந்தவள். அப்பாவைப் பார்த்துப் படித்தேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் சிப்பிங் வேலை. கப்பலின் இரும்பில் ஏறியிருக்கும் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்க்கிற வேலை அது. இருபது முப்பது பேர் கப்பலின் தொட்டிக்குள் இறங்கி ஒரே நேரத்தில் தட்டுவார்கள். உள்ளே இருக்கும் சத்தத்துக்கு வெளியே போக வழி கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அப்பாவின் முடி, புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கும். சட்டையை உதறினால் தரையில் செதில் செதிலாக விழும். அந்தச் சுத்தியலுக்கு இரண்டு பக்கமும் உளி மாதிரி முனை. பழையது ஒன்று வெகுநாள் எங்கள் ஜன்னலில் கிடந்தது, அம்மா அதில் தேங்காய் உடைப்பாள். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

ராயபுரத்தில் எங்கள் சந்தில் பாதி வீடு சிப்பிங்காரர்கள் வீடு. அதனால் சந்தே கத்தித்தான் பேசும். "கொழம்பு மிச்சம் இருக்குதா?" என்று கேட்பதுகூடச் சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் அத்தை, "இன்னா, உங்க சந்துல தெனமும் அடிதடியா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். ஒரு ஆளை மூன்று தடவை கூப்பிடுவது அங்கே வழக்கம், நாலாவது தடவைதான் கோபம் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று யார் கண்டுபிடிப்பார்கள்?

எனக்கே தெரியாது என்றால் நம்புவீர்களா? உலகமே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கிட்டே வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்றதெல்லாம் வாயைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்த்து. மாதா கோயிலில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. எல்லோரும் முழந்தாள் போட்டால் நானும் போடுவேன், எழுந்தால் எழுவேன். பக்தியான பிள்ளை என்று பெயர் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் அது செல்லவில்லை. டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார், நான் ஜன்னலைப் பார்ப்பேன். "கவனம் இல்லை" என்று எழுதி அனுப்பினார்.

அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அப்பா என்னைச் சிலம்பத்தில் சேர்த்தார். கம்பு சுற்றினால் கவனம் வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குய்யா கம்பு?" என்று அம்மா கத்தினாள். அப்பா தலையாட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

சாக்கு குடோனுக்குப் பின்னால் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் சரக்கு ரயில் தண்டவாளம், இன்னொரு பக்கம் மீன் காய வைப்பார்கள். மேல்காற்று அடித்தால் மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து ஒரு புளித்த நெடி வந்து மீன் நாற்றத்தையே அமுக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அங்கே கூடுவோம். மணல் காலையில் குளிர்ந்திருக்கும், பத்து மணிக்குச் சுடத் தொடங்கும். உள்ளங்கால் சொல்லும் நேரம்தான் எங்களுக்கு மணி.

வாத்தியாரும் துறைமுகத்துக்காரர், விஞ்ச் ஓட்டுபவர். கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து, அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாமலே சரக்கைத் தூக்கி இறக்குவார். ஓரத்தில் ஒரு ஆள் நின்று கை காட்டுவான். விரலைச் சுழற்றினால் தூக்க வேண்டும், உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்க வேண்டும், இரண்டு கையையும் விரித்தால் அப்படியே நிறுத்த வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஒரு வார்த்தை இல்லாமல் கையை மட்டும் பார்த்து வேலை செய்கிற மனிதர், ஏழாவது நாள் எங்களிடம் வந்து தொண்டை கிழியக் கத்துவார். இதற்காக அவர் மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஆறு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் ஏழாம் நாள் கத்தத்தானே செய்வான்.

அவர் எண்ணைக் கத்துவார், நாங்கள் அந்த எண்ணுக்குரிய அடியை வீச வேண்டும். நான் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து வீசுவேன். எப்போதும் ஒரு நொடி பின்னால்தான் இருப்பேன். "தூங்குமூஞ்சி" என்று வாத்தியார் எனக்குப் பெயர் வைத்திருந்தார்.

ஆனால் முட்டு என்று ஒரு விளையாட்டு உண்டு. உடம்பு சூடேறுவதற்காக வாத்தியார் முதல் அரை மணி நேரம் எங்களை அதில் விட்டுவிட்டுப் போய்ப் பீடி குடிப்பார். மணலில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் ஒரே கம்பு. ஒரு முனை என் கைகளில், மறு முனை உன் கைகளில். இருவர் கண்ணையும் துண்டால் கட்டிவிடுவார்கள். தள்ளலாம், இழுக்கலாம், திடீரென்று தளர்த்தலாம். யார் கால் முதலில் நகர்கிறதோ அவர் தோற்றார். வாயைத் திறந்தாலும் தோற்றார். அதுதான் எனக்கு வாய்த்தது.

அந்த விளையாட்டில் நான் தோற்றதே இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அது எப்படி என்று சொல்கிறேன். கண்ணைக் கட்டியதும் மற்றப் பிள்ளைகளுக்கு எல்லாம் இருட்டிவிடும், பயந்து தள்ளத் தொடங்குவார்கள். எனக்கு அங்கேதான் எல்லாம் தெளிவாக இருந்தது. கம்பு வழியே எதிராளி முழுசாக என் கைக்குள் வந்துவிடுவான். தள்ளப் போகிறவன் முதலில் மூச்சை நிறுத்துவான். கம்பில் இருக்கும் மெல்லிய ஆட்டம் அப்போது நின்றுபோகும். அதற்கப்புறம் அவன் சுண்டுவிரல் இறுகும். அதற்கும் அப்புறம்தான் தோள் வரும். தோள் வருவதற்குள் நான் கம்பைத் தளர்த்திவிடுவேன், அவன் கோட்டைத் தாண்டி வந்து என் காலடியில் விழுவான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உள்ளங்கை தானாகப் படித்துக்கொண்டது. யார் பசியோடு வந்திருக்கிறான், யார் வீட்டில் அடி வாங்கிவிட்டு வந்திருக்கிறான் என்பதுகூடத் தெரியும். பேச்சே இல்லாத அந்த அரை மணி நேரத்தில்தான் நான் எல்லோரோடும் பேசினேன். வாரம் முழுக்க அதற்காகக் காத்திருப்பேன்.

என் ஜோடி எதிர்வீட்டுப் பாயின் மகன். அவன் வாப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் சாக்கு வியாபாரம். அவன் எனக்குத் தோஸ்து, சந்திலேயே மெல்லப் பேசுகிற ஒரே ஆள். அவன் பேசுவதில் பாதிகூட எனக்கு விளங்காது, அதனாலேயே அவனைப் பிடிக்கும், எதையும் கேட்கும் அவசியம் இல்லை பாருங்கள். இப்போதும் இருக்கிறான். முன்பல் ஒன்று கட்டுப்பல். அந்தப் பல்லை உடைத்தது நான்தான்.

நேருக்கு நேர் அடியும் தடுப்புமாகப் பழகிக்கொண்டிருந்தோம். வழக்கமாக வாத்தியார் எனக்கு எதிரில்தான் நிற்பார். அன்றைக்கு ஏதோ காரணத்தால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "நிறுத்து" என்றார். தோஸ்து கேட்டான், கம்பை இறக்கினான். நான் கேட்கவில்லை. என் கம்பு பாதி வழியில் இருந்தது. அது போய் அவன் வாயில் விழுந்தது. அந்த அதிர்வு இன்றைக்கும் என் மணிக்கட்டில் இருக்கிறது. கம்பில் கம்பு மோதினால் ஒரு மாதிரி வரும், இது வேறு மாதிரி வந்தது.

மணலில் ரத்தம். பிள்ளைகள் எல்லாம் குனிந்து பல்லைத் தேடினார்கள். கிடைக்கவே இல்லை. வாத்தியார் என் தோளைப் பிடித்துத் திருப்பி, என் முகத்துக்கு நேராகக் கத்தினார். அதனால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நிறுத்துன்னு சொல்லிகினு கீறேன், நீ பாட்டுக்கு இன்னா? திமிரா? கம்ப கீழ போடு. இனிமே இந்த மண்ணுல கால வெக்காத."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்யத் தெரியும்? அந்த மணல் போனால் எனக்கு உலகத்தில் வேறு இடமே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் தோஸ்துவின் அம்மா வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். என் அம்மா எதிர்த்துப் பேசவில்லை. "ஆமா பாயம்மா, திமிரு புடிச்ச கய்தை அது. இன்னா சொன்னாலும் கேக்காது" என்றாள். அவர் போனதும் என் முதுகில் ரெண்டு வைத்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அடி வாங்கும் நான் அழவில்லை, அடிக்கிற இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். வாசற்படியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். பின்னால் தெருவிளக்கு, அவர் முகம் எனக்கு இருட்டாக இருந்தது. வாயில் பீடி வேறு. ஏதோ கேட்டார், நான் தலையாட்டினேன். இன்னொன்று கேட்டார், அதற்கும் ஆட்டினேன். மூன்றாவதாக ஒன்று கேட்டார். ஆட்டினேன். அப்பா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் என்ன கேட்டார் என்று அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். முதலில் "ஏன் நிறுத்தல?" என்றாராம். அப்புறம் "சாப்ட்டியா?" என்றாராம். மூன்றாவது கேள்வி, "உம்பேரு இன்னா?"

அவருடைய தலையாட்டலை அவரே எதிரில் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். சிப்பிங்கில் பத்து வருஷம் போனால் எவனுக்கும் காது நிற்காது. ஆனால் காது போனது தெரிந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். மேலேயிருந்து ஏதாவது விழுகிறது, "வெலகு" என்று கத்தினால் விலக வேண்டுமே. அதனால் மேஸ்திரி எது சொன்னாலும் தலையாட்டுவார்கள். ஒருவன் தலையாட்டுவதைப் பார்த்து இன்னொருவன் ஆட்டுவான். அப்பாவுக்குக் காது போய்விட்டது எங்கள் வீட்டுக்குத் தெரியும், சந்துக்கும் அரசல்புரசலாகத் தெரியும். துறைமுகத்துக்கு மட்டும் தெரியாது.

அன்றைக்கு அம்மா அப்பாவின் காதருகே வாயை வைத்துச் சொன்னதை, அவள் வாயைப் பார்த்து நானும் தெரிந்துகொண்டேன். "அத்த வெளிய சொல்லிடாத. பொட்டப் புள்ள. திமிருன்னா அடக்கிக்கலாம்னு எவனாவது கட்டுவான். செவிடுன்னா எவன் கட்டுவான்?" அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் கணக்கில் திமிர் என்பது செவிட்டைவிட நல்ல பெயர். பல வருஷம் அந்தப் பெயரோடுதான் திரிந்தேன், அதற்கு ஏற்ற மாதிரி திமிரும் வந்துவிட்டது என்று என் பிள்ளைகள் சொல்வார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என் கையைப் பிடித்து மணலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. பொத்தான் எல்லாம் அம்மா போட்டுவிட்டது. அப்பாவுக்குப் பொத்தான் போட வராது, அவருக்குப் பொறுமை இல்லை என்று அம்மா திட்டிக்கொண்டே போட்டுவிடுவாள். பிள்ளைகள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீங்கிய உதட்டோடு தோஸ்துவும் இருந்தான். அப்பா நேராக வாத்தியார் முன்னால் போய் நின்றார். பக்கத்திலேயே நின்றதால் எனக்குப் பாதி கேட்டது, மீதியைத் தோஸ்து அப்புறம் சொன்னான்.

"வாத்யாரே, அவளுக்குத் திமிரு இல்ல. காது கேக்கல."

"இன்னாய்யா சொல்ற?"

அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் கேக்கல. நீ இப்போ இன்னா சொன்னேன்னுகூடத் தெர்ல. எட்டு வருசமா இப்டித்தான். என்னாண்ட இருந்துதான் அவளாண்ட போயிருக்குது. புள்ளைய வெரட்டாத."

எந்தக் கப்பலில் அப்பா துரு தட்டினாரோ அதே கப்பலில் விஞ்ச் ஓட்டுகிறவரிடம் இதைச் சொன்னார். வாத்தியார் இரண்டு அடி பின்னால் போய், இரண்டு கையையும் அகல விரித்தார். அப்பாவுக்கு அது உடனே புரிந்தது. பிள்ளைகளைப் பார்த்து வாத்தியார், "இனிமே நிறுத்துன்னா இதான். அல்லாரும் எங் கையப் பாக்கணும்" என்றார். நான் மண்ணில் காலை வைத்தேன்.

அடுத்த மாதமே அப்பாவைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரையில் போட்டார்கள். நங்கூரச் சங்கிலிக்குத் துரு தட்டுகிற வேலை. அதே சுத்தியல், அதே சத்தம், கப்பல் மட்டும் இல்லை. எந்த நாட்டுக் கப்பல், என்ன கொடி என்று சாயங்காலம் வந்து எனக்குச் சொல்வார், அது நின்றுபோனது. வாத்தியார் போய்ச் சொன்னாரா, பிள்ளைகள் வாய் வழியே போனதா, நான் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அது தப்பும் இல்லை. அப்பாவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா மட்டும் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் காது அப்பாவிடமிருந்து வந்ததே இல்லை. எனக்கு நாற்பது வயதானபோது ஒரு டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் சீழ் பிடித்து ஜவ்வு போயிருக்கிறது, இது ரத்தத்தில் வருகிற விஷயம் இல்லை என்றார். சுத்தியல் சத்தத்தில் போன காது எப்படிப் பிள்ளைக்கு இறங்கும் என்று சிரித்தார். எங்கள் சந்தில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இரும்பையே உதிர்க்கிற சத்தம் ரத்தத்தில் இறங்காதா என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதற்குள் அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பவே தெரியும். மூணு வயசுல உனுக்கு சீயி வட்ஞ்சிகினே இருந்துச்சி. நாந்தான் பூண்டு போட்டு எண்ணெ காச்சி ஊத்தினேன். சூடு ஜாஸ்தியோ இன்னாவோ."

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

அம்மா என் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, எனக்கு விளங்கும்படி நிதானமாகச் சொன்னாள். "அவரு தன் தப்புன்னு நெனச்சிதானே உன்னிய இட்டுகினு போனாரு. போவட்டும்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு மனுஷன் தான் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டே செத்திருக்கிறார். ஆனால் அவர் சுமந்ததால்தான் நான் அந்த மணலுக்குத் திரும்பிப் போனேன். அம்மா உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அந்த ஞாயிறுக்கே வருகிறேன், சொல்ல வந்தது அதைத்தான். வாத்தியார் கையை இறக்கிவிட்டு அப்பாவின் முதுகில் தட்டினார். "உம் பொண்ணு முட்டுல அல்லாரையும் கவுத்துடுது. நீ ஒரு கை புடிச்சிப் பாரு" என்று சைகையோடு சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். எங்கள் கண்களைக் கட்டினார்கள்.

அப்பா பெரிய பலசாலி என்பது என் எண்ணம். கொதிக்கிற டீ கிளாசைத் துணியில்லாமல் வெறும் கையால் பிடிப்பார். அடுப்பிலிருந்து சட்டியை அப்படியே இறக்குவார். எங்கப்பாவுக்குச் சூடே தெரியாது என்று சந்தெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதனால் ஜாக்கிரதையாகக் கம்பைப் பிடித்து, அவர் முனையிலிருந்து வரப்போவதற்காகக் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. மூச்சின் ஆட்டம் இல்லை, விரல் இறுகவில்லை. சரி, நாமே தொடங்குவோம் என்று லேசாகத் தள்ளினேன். யாரைத் தள்ளினாலும் உடனே ஒரு எதிர்த் தள்ளல் வரும், தூக்கத்தில் இருப்பவன்கூடத் தள்ளுவான். அப்பா தள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவர் கைகள் கம்பை இறுக்கித்தான் பிடித்திருந்தன, ஆனால் கம்பு அவருக்குள் போகவில்லை. நான் தள்ளுவது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. சுவரில் சாய்த்த கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நான் மட்டும் தனியாக நின்றேன்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சுத்தியல் காதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, விரலின் உணர்வையும் எடுத்துக்கொண்டது என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். பொத்தான், டீ கிளாஸ், சட்டி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து நின்றது பின்னால்தான். அன்றைக்கு என் கைக்கு மட்டும் தெரிந்தது. இன்னும் ஒரு தள்ளு போதும், எல்லோர் முன்னாலும் அப்பா மல்லாந்து விழுவார்.

நான் என் வலது காலை எடுத்துப் பின்னால் வைத்தேன்.

பிள்ளைகள் கத்தியிருப்பார்கள். துண்டை அவிழ்த்தபோது வாத்தியார் அப்பாவின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். அப்பாவின் முகம் எல்லாம் சிரிப்பு. தோஸ்து மட்டும் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரயில் கேட் அருகே லாரிகள் நின்றன, ஒரே நெரிசல். நடுநடுவே குனிந்து, பிடித்திருக்கிறோமா என்று என் கையைப் பார்த்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். ஏன் பார்க்கிறார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அன்றைக்கு என் விரல்களால் அவர் கையை எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு அழுத்தினேன். விரல் வலித்தது. சந்துக்குள் நுழையும்வரை விடவில்லை.